1883 தொடர்: ரயில் வந்த பிறகும் கூண்டு வண்டி எதற்கு? (முடிவு உட்பட எல்லாம் பேசுகிறோம், பார்க்காதவர்கள் கவனம்)

மொட்டைமாடி:
அம்மாவுக்குக் கண்புரை அறுவை முடிந்து, டாக்டர் டிவி பார்க்கலாம் என்று சொன்ன பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து பார்க்கும் முதல் தொடர் 1883. மொத்தம் பத்து எபிசோட். ஒன்பது முடித்துவிட்டோம். பத்தாவதை நான் மட்டும் ராத்திரி திருட்டுத்தனமாகப் பார்த்துவிட்டேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

தெரியாதவர்களுக்கு: இது யெல்லோஸ்டோன் தொடரில் வரும் டட்டன் குடும்பத்தின் முன்கதை. எழுதியவர் டெய்லர் ஷெரிடன். 2021 டிசம்பரில் தொடங்கி 2022 பிப்ரவரியில் முடிந்தது. ஜேம்ஸ் டட்டனாக டிம் மெக்ரா, மனைவி மார்கரெட்டாக ஃபெய்த் ஹில். இருவரும் நிஜத்திலும் கணவன் மனைவி, இருவருமே பாடகர்கள். மூத்த மகள் எல்சாதான் கதையைச் சொல்கிறாள். டெக்ஸாஸின் ஃபோர்ட் வொர்த் ஊரிலிருந்து, ஐரோப்பாவிலிருந்து அப்போதுதான் வந்திறங்கிய ஏழைக் குடியேறிகளோடு சேர்ந்து மேற்குக் கடலோரத்து ஓரிகனுக்குப் போவதாகத் திட்டம். கூட்டத்தை நடத்திப் போகிறவர் கேப்டன் ஷே பிரென்னன். சாம் எலியட் அந்த மனிதராகவே மாறியிருக்கிறார். அம்மைநோயில் மனைவியையும் மகளையும் பறிகொடுத்து, வீட்டோடு சேர்த்து எரித்துவிட்டு அவர் உட்கார்ந்திருக்கும் அந்த ஆரம்பக் காட்சியில் அம்மா ரிமோட்டை வாங்கி நிறுத்திவிட்டார். பத்து நிமிடம் கழித்துத்தான் மறுபடி ஓடவிட்டோம்.

என் கேள்வி அம்மா கேட்டதுதான். மார்கரெட்டும் பிள்ளைகளும் ஃபோர்ட் வொர்த்துக்கு ரயிலில் வந்து இறங்குகிறார்கள். அம்மா உடனே, "ரயில்லதானே வந்தாங்க? அப்புறம் எதுக்கு இந்த வண்டி?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

ரயில்பைத்தியம்:
உங்கள் அம்மாவின் கால் எங்கே என்று சொல்லுங்கள், விழுந்து கும்பிடுகிறேன். இந்தத் தொடரின் பெரிய ஓட்டை இதுதான்.

கிழக்கையும் மேற்கையும் இணைத்த முதல் ரயில் பாதை யூட்டாவில் 1869 மே 10 அன்று முடிந்தது. கதை நடக்கும் காலத்துக்குப் பதினான்கு வருடம் முன்னால். ஃபோர்ட் வொர்த்துக்கு ரயில் வந்தது 1876. இதைவிட வேடிக்கை, தலைப்பில் இருக்கும் அதே 1883, செப்டம்பர் 8 அன்று, மொன்டானாவில் கோல்ட் க்ரீக் என்ற இடத்தில் நார்தர்ன் பசிபிக் ரயில் பாதையின் கடைசி ஆணியை அடித்தார்கள். அது எங்கே போகிற பாதை? ஓரிகன் பக்கம்தான்! ஷே பிரென்னன் இத்தனை பேரை ஆற்றில் முக்கி எடுத்துக் கொண்டுபோகிற அதே வருடத்தில், டிக்கெட் வாங்கி உட்கார்ந்தால் ஓரிகனின் போர்ட்லாண்டில் இறங்கலாம். அதற்கு முன்னாலேயே கலிபோர்னியா வரை ரயில், அங்கிருந்து கப்பல் என்று போய்க்கொண்டுதான் இருந்தார்கள்.

மக்கள் வண்டி கட்டி மேற்கே போன ஓரிகன் பாதையின் உச்சக்காலம் 1840களும் 50களும். புறப்படும் இடம் மிசௌரியில் இன்டிபென்டன்ஸ் போன்ற ஊர்கள். டெக்ஸாஸ் கிடையாது. சுமார் 3,200 கிலோமீட்டர் தூரத்தை நான்கு முதல் ஆறு மாதத்தில் நடந்தார்கள். 1883-ல் அப்படி ஒரு கூட்டத்தைக் கிளப்புவது, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் நின்றுகொண்டு பாதயாத்திரைக்கு ஆள் சேர்ப்பது மாதிரி. வேண்டுதல் இருந்தால்தான் வருவார்கள்.

நடுநிசி:
ஆரம்பிச்சாச்சா. சார், இது டைம்டேபிள் இல்லை, கதை.

கோபுரப்புறா:
ரயில் சார் சொல்லும் தேதிகள் எல்லாம் சரி. ஆனால் ரயில் வந்த மறுநாளே வண்டிகள் மறைந்துவிடவில்லை. அப்புறமும் பல வருடங்கள் குறைந்த எண்ணிக்கையில் மக்கள் வண்டி கட்டிப் போனார்கள், முக்கியமாக ரயில் நிலையத்திலிருந்து தள்ளி இருந்த நிலங்களுக்கு. வண்டியே இல்லை என்று சொல்ல முடியாது. பெரிய கூட்டம், அதுவும் இந்த வழியில் என்பதுதான் இடிக்கிறது.

நான் டல்லாஸில் இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் பழைய மாட்டுச்சந்தைப் பேட்டையான ஃபோர்ட் வொர்த் ஸ்டாக்யார்ட்ஸுக்குக் கூட்டிப் போவது எங்கள் வீட்டுச் சடங்கு. தினமும் இரண்டு வேளை நீண்ட கொம்பு வைத்த மாடுகளைத் தெருவில் ஓட்டிக் காட்டுவார்கள். தொடரில் எல்சா அந்த ஊரில் கால் வைத்ததும் கொலையும் குடியும் கண்ணில் படுகிறதே, அந்தப் பேட்டைக்கு நிஜமாகவே நரகத்தின் அரை ஏக்கர் என்றுதான் பெயர். இன்று அங்கே மாநாட்டு மண்டபம் நிற்கிறது. பில்லி பாப் தோர்ன்டன் நடித்த மார்ஷல், அதாவது நகரக் காவல் தலைவர், ஜிம் கோர்ட்ரைட்டும் நிஜ மனிதர். ஆனால் அவர் அந்தப் பதவியில் இருந்தது 1876 முதல் 1879 வரை. 1887-ல் லூக் ஷார்ட் என்ற சூதாட்டக்காரர் அவரைத் தெருவில் சுட்டுக் கொன்றார். தொடரில் அவர் சாராயக்கடையில் நிதானமாகச் சுட்டுத்தள்ளிவிட்டுப் போகும் காட்சியைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்புதான். ஐயா, உங்கள் முறை நாலு வருடத்தில் வருகிறது!

ரயில்பைத்தியம்:
அடுத்து யாராவது 'ஏழைகள், டிக்கெட்டுக்குக் காசு இல்லை' என்று வருவார்கள், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வண்டி, இழுக்கும் மாடு குதிரை, ஆறு மாதச் சாப்பாடு எல்லாம் சேர்ந்தால் சில நூறு டாலர். ரயிலில் குடியேறிகளுக்கென்றே மரப்பலகை போட்ட மலிவுப் பெட்டிகள் இருந்தன. குடும்பத்தின் தட்டுமுட்டு, கலப்பை, பசுமாடு எல்லாவற்றையும் ஏற்றிக்கொள்ளச் சரக்குப் பெட்டியையே வாடகைக்குக் கொடுத்தார்கள். வண்டிதான் பணக்காரச் செலவு.

கடையாணி:
எங்கள் தாத்தா வண்டி ஓட்டியவர். அதனால் இந்தத் தொடரில் நான் ஆளைப் பார்த்ததைவிடச் சக்கரத்தைப் பார்த்ததுதான் அதிகம். சொல்லட்டுமா?

வண்டிகளைப் பெரும்பாலும் குதிரைகள் இழுக்கின்றன. ஓரிகன் பாதையில் போனவர்களில் பெரும்பாலோர் கட்டியது மாடு. குதிரைக்குத் தானியம் வேண்டும். மாடு வழியில் கிடைக்கிற புல்லைத் தின்றுவிட்டு இழுக்கும், விலையும் குறைவு, திருடன் ஓட்டிக்கொண்டு பறக்கவும் முடியாது. ஒரு வண்டிக்கு நான்கு முதல் ஆறு மாடு. நம் மாடுகளுக்குப் போல மூக்கணாங்கயிறு கிடையாது. ஓட்டுகிறவர் வண்டிமேல் உட்கார மாட்டார். இடது பக்கமாகக் கூடவே நடந்து, குரல் கொடுத்தும் சாட்டையைச் சொடுக்கியும் திருப்புவார். எருதுக்கு லாடம் அடிப்பது அங்கேயும் பெரிய பாடு. பிளந்த குளம்பு என்பதால் ஒரு காலுக்கு இரண்டு துண்டு லாடம், மாட்டைக் கீழே சாய்த்துத்தான் அடிக்க வேண்டும். இங்கே அதைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

வண்டிக்குள் ஜாலியாகச் சாய்ந்துகொண்டு போவதெல்லாம் கிடையாது. பெட்டி பத்தடி நீளம், நாலடி அகலம். ஒரு ஆளுக்கு மாவு மட்டும் 90 கிலோ. அதன்மேல் உப்புப் போட்ட பன்றிக்கறி, காபிக்கொட்டை, துப்பாக்கி மருந்து, உதிரிச் சாமான். அதிர்வைத் தாங்கும் வில் கிடையாது, ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் கேட்கும். அதனால் பிள்ளைகள் உட்பட எல்லோரும் நடந்தார்கள். நடந்து தேய்ந்து வெறுங்காலோடு போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு. சமவெளியில் விறகு இல்லாததால் காட்டெருமைச் சாணத்தைப் பொறுக்கித்தான் அடுப்பு எரித்தார்கள். வழியெல்லாம் இயற்கையே தட்டிப் போட்ட வரட்டி! பெண்கள் முதலில் முகம் சுளித்தார்களாம், ஒரு வாரத்தில் பாவாடையில் அள்ளிக்கொண்டு வந்தார்களாம்.

எனக்குப் பிடித்த விஷயம் இனிமேல்தான். மேற்கே போகப் போகக் காற்று வறண்டுவிடும். மரம் சுருங்கும், ஆரக்கால் ஆடும், இரும்புப் பட்டை கழன்று வரும். என்ன செய்தார்கள்? சக்கரத்தைக் கழற்றி ராத்திரி முழுக்க ஆற்றில் ஊறப்போட்டார்கள். எங்கள் தாத்தா கோடையில் வண்டியைக் குளத்துக்குள் இறக்கி நிறுத்திவைப்பார், அச்சு அசல் அதே காரணத்துக்காக. இந்தத் தொடரில் சக்கரத்துக்கு ஒரு எபிசோட் கொடுத்திருக்கலாம். அச்சுக்கு மை போடுகிற ஒரு காட்சிகூட என் கண்ணில் படவில்லை.

மொட்டைமாடி:
கடையாணி அண்ணா, அம்மா இதை வாசிக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டார். வண்டியைக் குளத்தில் இறக்குவது அவருக்கும் ஞாபகம் இருக்கிறதாம்.

ஆற்றைக் கடக்கும் எபிசோடைப் பற்றி யாரும் பேசவில்லையே? பியானோவையும் அலமாரியையும் கரையில் இறக்கிப் போடச் சொல்வது, நீச்சல் தெரியாத கூட்டம், அப்புறம் அந்த ராத்திரி. ஷே சாமான்களைத் தூக்கிப் போடச் சொல்லிக் கத்தும்போது அம்மா அவரைத் திட்டினார். அடுத்த எபிசோடில் அதற்காக மன்னிப்பும் கேட்டார், டிவியிடம்.

நடுநிசி:
சரி, நான் எல்சா கட்சி. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

தேதி தப்பு, மாடு இல்லை, மார்ஷல் இல்லை, எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கூண்டு வண்டிக் கதைகளில் வழக்கமாகப் பெண்கள் என்ன செய்வார்கள்? முக்காடு போட்டுக்கொண்டு சமைப்பார்கள், இல்லாவிட்டால் பிரசவத்தில் சாவார்கள். இங்கே ஒரு பதினேழு பதினெட்டு வயதுப் பெண் மாடு மேய்க்கும் வேலைக்குப் போய், கால்சட்டை மாட்டி, குதிரை ஏறி, காதலித்து, அவனைப் பறிகொடுத்து, கொன்றவனைத் தானே சுட்டு, கொஞ்ச நாள் பேச்சே இல்லாமல் திரிந்து, மறுபடி உயிர் வந்து, கமாஞ்சி என்ற பூர்வகுடியைச் சேர்ந்த இளைஞன் சாமைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். எல்சாவாக நடித்தவர் இசபெல் மே. சாம் எலியட்டுக்கு நடிகர் சங்க விருது கொடுத்தார்கள், சரிதான், ஆனால் தொடரைத் தோளில் தூக்கியது அந்தப் பெண்.

அந்தக் குரல் பலருக்குப் பிடிக்கவில்லை என்று தெரியும். எனக்கே மூன்றாவது எபிசோடில் போதும் என்று இருந்தது. புல்லைப் பார்த்தால் தத்துவம், மழையைப் பார்த்தால் தத்துவம். ஆனால் முடிவு தெரிந்த பிறகு இரண்டாம் தடவை பார்த்தபோது அதே வரிகள் வேறு மாதிரி கேட்டன. செத்துப்போன பெண் பேசுகிறாள் என்று தெரிந்து கேட்பது வேறு.

பழையபேப்பர்:
தம்பி, இரண்டாம் தடவை பார்த்தால்தான் நன்றாக இருக்கும் என்றால் அது முதல் தடவை பார்ப்பவனின் தப்பா? எனக்கு அந்தக் குரல் கடைசிவரை ஒட்டவில்லை. காட்சியே சொல்லிவிட்டதை மறுபடி அவள் சொல்கிறாள். வானத்தைக் காட்டிவிட்டு 'வானம்' என்று எழுதிவைப்பானேன்?

நான் சிவகாசியில் அச்சான கௌபாய் காமிக்ஸ் படித்து வளர்ந்தவன். தோட்டா, புழுதி, அப்புறம் 'செவ்விந்தியர்'. அந்த வார்த்தையை இப்போது எழுத எனக்குக் கை வருவதில்லை. அவர்களுக்குக் கமாஞ்சி, லகோட்டா, க்ரோ என்று பெயர் இருக்கும்போது தோலின் நிறத்தை எதற்குச் சொல்ல வேண்டும்? அந்தக் காமிக்ஸில் வண்டிகள் வட்டமாக நின்றால் அடுத்த பக்கத்தில் அம்பு வரும். நிஜத்தில் வட்டம் கட்டியது முக்கியமாக மாடுகள் ராத்திரி ஓடிப்போகாமல் இருக்க. 1840 முதல் 1860 வரையிலான ஆவணங்களைத் தேடிக் கணக்கெடுத்த ஒரு வரலாற்று ஆசிரியருக்குக் கிடைத்த எண்கள் இவை: பூர்வகுடிகள் கையில் இறந்த பயணிகள் 362, பயணிகள் கையில் இறந்த பூர்வகுடிகள் 426. இருபது வருடத்துக்கு! லட்சக்கணக்கானவர்கள் நடந்த பாதையில்! ஆளை அள்ளிக்கொண்டு போனது காலரா. அப்புறம் ஆறு, கை தவறி வெடித்த சொந்தத் துப்பாக்கி, ஓடுகிற வண்டியிலிருந்து இறங்கும்போது சக்கரத்தில் விழுந்த குழந்தைகள்.

இந்த இடத்தில் தொடருக்கு மார்க் போடுகிறேன். எண்ணிப் பாருங்கள், இவர்களைக் கொல்வது அம்மை, ஆறு, பாம்பு, சூறாவளி, வெள்ளைக் கொள்ளையர்கள். லகோட்டா தாக்குதல்கூட ஒரு தப்பெண்ணத்தில் நடக்கிறது. அவர்கள் முகாமில் பெண்களையும் பிள்ளைகளையும் யாரோ குதிரைத் திருடர்கள் வெட்டிப் போட்டுவிட, அந்த வழியாக வந்த இவர்களைக் கொலைகாரர்கள் என்று நினைத்துவிடுகிறார்கள். காமிக்ஸில் இந்தக் காரணம் இருந்திருக்காது.

ஆனால் தேதி, தேதி. கமாஞ்சிகளின் கடைசிக் கூட்டம் குவானா பார்க்கர் தலைமையில் 1875-லேயே சரணடைந்துவிட்டது. லகோட்டாக்களின் சிட்டிங் புல் 1881-ல். 1883-ல் தெற்கே காட்டெருமை மந்தையே கிடையாது, வடக்கேயும் அந்த வருடத்தோடு சுத்தமாகத் துடைத்துவிட்டார்கள். எல்சா காட்டெருமைகளை விரட்டி ஓட்டும் காட்சி அழகு. ஆனால் அந்த மிருகங்கள் எங்கிருந்து வந்தன?

ரயில்பைத்தியம்:
அப்படியானால் ஒரே ஒரு மாற்றம் போதும். தலைப்பை 1867 என்று வையுங்கள்.

யோசித்துப் பாருங்கள். ஜேம்ஸுக்கு அமெரிக்க உள்நாட்டுப் போரின் காயம் வேண்டும். ஆன்டீட்டம் போர் நடந்தது 1862 செப்டம்பரில், ஒரே நாளில் சுமார் 23,000 பேர் செத்தும் காயப்பட்டும் காணாமலும் போன போர். பிணங்களுக்கு நடுவில் அவர் கண் விழிக்க, ஜெனரல் மீடாக டாம் ஹாங்க்ஸ் வந்து பக்கத்தில் உட்காருவாரே, அந்தக் காட்சி அப்படியே இருக்கும். கேப்டனின் தோழன் தாமஸுக்குக் கறுப்பினக் குதிரைப்படை வேண்டும், அது 1866-ல் தொடங்கியது. கமாஞ்சிகள் இருப்பார்கள், காட்டெருமை இருக்கும், ரயில் இன்னும் முடிந்திருக்காது. எல்லா ஓட்டையும் அடைபட்டுவிட்டது. பணம் வேண்டாம் ஷெரிடன் சார், கிரெடிட்டில் என் பெயர் போட்டால் போதும்.

பழையபேப்பர்:
அவசரப்படாதீர்கள். உங்கள் 1867-ல் லகோட்டா தாக்குதலில் எல்சாவுக்கு எங்கே அம்பு படுகிறது? வயோமிங். அந்த வருடம் வயோமிங்கில் என்ன நடந்தது? ரெட் கிளவுட் போர்! மொன்டானா தங்கத்துக்குப் போகிற போஸ்மன் பாதையில் ராணுவம் கோட்டை கட்டியதை லகோட்டாக்களும் செயென்களும் அரபாஹோக்களும் சேர்ந்து எதிர்த்த காலம். 1866 டிசம்பர் 21 அன்று ஃபெட்டர்மன் என்ற அதிகாரியையும் சேர்த்துப் போன 81 பேரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. 1868-ல் அரசாங்கமே கோட்டைகளைக் காலி செய்துவிட்டுக் கையெழுத்துப் போட்டது. அந்த வழியாக உங்கள் நாலு ஜெர்மன் குடும்பம் பியானோவோடு போகுமா? தாமஸ் 1866-ல் படையில் சேர்ந்தால் 1867-ல் விலகி வந்து கேப்டனின் பழைய தோழனாக எப்படி நிற்பான்?

ரயில்பைத்தியம்:
தாமஸ் விஷயம் யோசிக்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன். கிரெடிட் வேண்டாம்.

கோபுரப்புறா:
தாமஸ் பேச்சு வந்ததால் ஒன்று. பழைய தொலைக்காட்சி வெஸ்டர்ன்களில் கறுப்பின மனிதரைப் பார்ப்பதே அரிது. 1957-ல் தொடங்கி எட்டு வருடம் ஓடிய வேகன் ட்ரெயின் தொடரை அப்பா காலத்து ஆட்கள் சிலாகிப்பார்கள். நானும் சில எபிசோட்கள் பார்த்தேன். ஒவ்வொரு வாரமும் ஒரு விருந்தாளி நடிகர், ஒரு பிரச்சினை, தீர்ந்ததும் வண்டிகள் கிளம்பிவிடும். யாருக்கும் கால் வலிக்காது. அங்கே பயணம் ஒரு சாக்கு. 1883-ல் பயணம்தான் கதை, அதனால்தான் இவ்வளவு பேர் சாகிறார்கள். லமோனிகா காரெட் அதிகம் பேசாமலே தாமஸை நிறுத்துகிறார். பயணத்தில் வரும் விதவை நோயமியும் அவரும் வருகிற இடங்கள் மட்டும்தான் நான் மூச்சு விட்ட இடங்கள்.

இரவுப்பணி:
வார்டில் வேலை செய்கிறேன், அதனால் நான் வேறு இடத்தில் மாட்டிக்கொண்டேன். வேறு ஒரு குழுவில் 'சின்ன அம்புக் காயத்துக்கு ஏன் சாக வேண்டும், எல்சாதான் எழுந்து நடக்கிறாளே' என்று ஒருவர் எழுதியிருந்தார். எழுந்து நடப்பதுதான் பயங்கரம். அம்பு வயிற்றுக்குள் கல்லீரல் வரை போயிருக்கிறது, முனையில் அழுக்கு. வெளிக்காயம் மூடிக்கொள்ளும், உள்ளே சீழ் வைக்கும். கிருமிக்கொல்லி மருந்து வருவதற்கு இன்னும் அரை நூற்றாண்டு இருக்கிறது. இரண்டு வருடம் முன்னால் 1881-ல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டையே சுட்டார்கள். நாட்டின் பெரிய டாக்டர்கள் எல்லாம் கழுவாத விரலை விட்டுக் குண்டைத் தேடி, 79 நாள் இழுத்து, சீழ் பிடித்துச் செத்தார். ஜனாதிபதிக்கே அந்தக் கதி என்றால் வயோமிங் புல்வெளியில் எல்சாவுக்கு?

மேலே காலரா பேச்சு வந்ததே, அதே 1883-ல்தான் ராபர்ட் கோக் அந்தக் கிருமியைத் தேடி எகிப்துக்குப் போனார். அடுத்த வருடம் கல்கத்தாவில் உறுதி செய்தார். ஓரிகன் பாதையில் செத்தவர்களுக்குத் தாங்கள் எதனால் செத்தோம் என்றே தெரியாது.

எனக்குத் தாங்காமல் போனது காயம் இல்லை. அப்பாவுக்குத் தெரிகிறது, அம்மாவுக்குத் தெரிகிறது, யாரும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தை நான் வாரத்துக்கு இரண்டு தடவை பார்க்கிறேன். ஃபெய்த் ஹில் நடிக்கத் தெரியாத பாடகி என்று எழுதியவர்கள் அந்த முகத்தை மறுபடி பார்க்கட்டும்.

மொட்டைமாடி:
இதற்காகத்தான் அம்மாவுக்குப் பத்தாவதைப் போட்டுக் காட்டாமல் இழுத்தடிக்கிறேன். மகள் எங்கே சாகிறாளோ அங்கேதான் வீடு என்று ஜேம்ஸ் முடிவு செய்வது. குதிரையில் அவளை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு இடம் தேடிப் போவது. மரத்தடி. ஓரிகனை விட்டுவிட்டு அந்தப் பள்ளத்தாக்கிலேயே தங்கிவிடுகிறார்கள், ஒரு கல்லறைக்காக. நம்மில் யாருக்கும் இது புரியாமல் இருக்காது. யெல்லோஸ்டோனில் அந்த நிலத்துக்காக இவ்வளவு வெறி பிடித்து ஏன் அடித்துக்கொள்கிறார்கள் என்று எனக்கு இப்போதுதான் விளங்கியது.

ஷே கடலைப் பார்த்துவிட்டுச் செய்வதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

ரயில்பைத்தியம்:
அழவைத்துவிட்டீர்கள். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை, மன்னிக்கவும். அந்த மரத்தடி பாரடைஸ் பள்ளத்தாக்கில், மொன்டானாவில். மனிதக் கால் படாத சொர்க்கம் மாதிரி காட்டுகிறார்கள். அதன் வடக்கு வாசலில் லிவிங்ஸ்டன் என்ற ரயில் ஊர் 1882-லேயே வந்துவிட்டது. அங்கிருந்து யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப்போக ஒரு கிளைப்பாதை போட்டார்கள். எந்த வழியாக? அதே பள்ளத்தாக்கு வழியாக. எந்த வருடம்? 1883! அந்த ஆகஸ்டில் ஜனாதிபதி ஆர்தரே பூங்காவைச் சுற்றிப்பார்க்கக் குதிரையில் வந்தார், கூடவே வந்த தளபதியின் பெயர் ஷெரிடன். இதை நான் கற்பனை செய்யவில்லை.

எல்சா கண் மூடும்போது தூரத்தில் ஒரு ரயில் ஊதியிருந்தால்? எனக்கென்னவோ அது இன்னும் பெரிய காட்சியாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. அவ்வளவு பேரைப் பலிகொடுத்து வந்த இடத்துக்கு யாரோ கூடை நிறையச் சாப்பாட்டோடு சுற்றுலா வருகிறார்கள்.

நடுநிசி:
சார்... இது நன்றாகத்தான் இருக்கிறது. முதல் நாளே இதைச் சொல்லியிருந்தால் உங்களோடு சண்டை போட்டிருக்க மாட்டேன்.

கோபுரப்புறா:
மனிதக் கால் படாத இடம் என்பதில்தான் எனக்கும் சண்டை. ரயில் இல்லாவிட்டாலும் அது யாருடைய வீடு? க்ரோ மக்களுடையது. 1851 ஒப்பந்தம் அவர்களுக்கு மூன்றே முக்கால் கோடி ஏக்கருக்கு மேல் ஒதுக்கியது. 1868-ல் அதை 80 லட்சமாகச் சுருக்கினார்கள். அதன் பிறகும் அந்தப் பள்ளத்தாக்கில் யெல்லோஸ்டோன் ஆற்றுக்குக் கிழக்கே இருந்த பகுதி அவர்களுடையதுதான். அவர்களுக்கான அரசு முகாமே 1869 முதல் 1875 வரை லிவிங்ஸ்டனுக்குப் பக்கத்தில் இருந்தது. 1882-ல் மேற்குப் பகுதியை மொத்தமாக வாங்கிக்கொண்டார்கள். ஆக, டட்டன் குடும்பம் வந்து சேர்கிற வருடத்தில் அந்த நிலம் 'காலி' ஆகி ஒரு வருடம்தான் ஆகியிருக்கிறது.

தொடர் இதை மறைக்கவில்லை, அதுவரை சரி. கிரஹாம் கிரீன் க்ரோ பெரியவராக வந்து, ஏழு தலைமுறையில் என் மக்கள் இதைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்கிறார், ஜேம்ஸும் சம்மதிக்கிறார். அவர் வருவது சில நிமிடம், மொத்தத் தொடரையும் அந்தச் சில நிமிடத்தில் தூக்கிக்கொண்டு போய்விட்டார். 2025-ல் காலமாகிவிட்டார். ஆனால் என் வருத்தம் என்ன தெரியுமா? நிலத்தை இழந்தவரே வந்து நல்ல இடம் கைகாட்டிவிட்டுப் போகிறார். கொஞ்சம் வசதியான ஏற்பாடு. சாமும் அப்படித்தான், எல்சாவின் கதைக்கு வேண்டியபோது வந்து, வேண்டாதபோது நின்றுவிடுகிறான்.

பழையபேப்பர்:
இதை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. சாமுடைய ஊர், அவன் வீட்டார், அவன் எதை இழந்தான், எதுவும் ஒரு முழுக் காட்சிக்கு வரவில்லை. ஒன்பது எபிசோடில் எல்சாவின் தத்துவத்தில் பத்து நிமிடத்தைக் குறைத்து அவனுக்குக் கொடுத்திருக்கலாம்.

நடுநிசி:
மறுபடியும் எல்சாவா!

மொட்டைமாடி:
நேற்று ராத்திரி பத்தாவதைப் போட்டுவிட்டேன். அம்மா அழவில்லை. நான்தான் இரண்டாம் தடவையும் அழுதேன். முடிந்ததும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "அந்தச் சின்னப் பையன் என்ன ஆனான்? ஜான்?" என்று கேட்டார். பத்து எபிசோடும் அக்காவையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவனை யாரும் கவனிக்கவில்லை என்று கோபம்.

நடுநிசி:
அதற்குத்தான் 1923 இருக்கிறது. ஹாரிசன் ஃபோர்டும் ஹெலன் மிரனும். ஜான் வளர்ந்து, அதில் ஆரம்பத்திலேயே அவன்...

இரவுப்பணி:
நிறுத்துங்கள்! கண் அறுவை முடிந்த அம்மா.

நடுநிசி:
சரி சரி. எல்சாவின் குரல் அதிலும் வரும் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். முதல் சில நிமிடத்துக்குக் கைக்குட்டையோடு உட்காரச் சொல்லுங்கள்.

மொட்டைமாடி:
இப்போதே போடச் சொல்கிறார். தண்ணீர் எடுத்துவருகிறேன் என்று எழுந்து வந்து இதை எழுதுகிறேன்.

கடையாணி:
1923-ல் வண்டி வருமா?

ரயில்பைத்தியம்:
கார் வரும்.

கடையாணி:
அப்போ நான் பார்க்கவில்லை.